போனை உற்றுப் பார்ப்பதைக் கவனம் என்று நினைக்காதீர்கள்

"பத்து மாசம்தான் ஆகுது டாக்டர், போனைக் கொடுத்தா அரை மணி நேரம் கண்ணையே எடுக்காது. நல்ல கவனம்!" ஓ.பி.யில் இதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர் குறைந்தபாடில்லை.

திரையில் சில நொடிக்கொரு முறை காட்சி மாறுகிறது, சத்தம் எழுகிறது. புதிதாக எது அசைந்தாலும் கண் அங்கே திரும்புவது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல். திரை குழந்தையின் கண்ணை இழுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கரண்டியை எடுத்து, திருப்பி, தரையில் தட்டி, வாயில் வைத்து, மறுபடியும் தட்டிப் பார்க்கிறதே, அதுதான் கவனம். எதைப் பார்ப்பது, எப்போது விடுவது என்பதை அங்கே குழந்தையே முடிவு செய்கிறது.

நெடுநேரம் பார்க்கும் குழந்தைதான் கெட்டி என்பதும் தவறு. நான்கு மாதக் குழந்தைக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், சீக்கிரம் சலித்துக் கண்ணை எடுக்கும் குழந்தை அதைச் சீக்கிரம் உள்வாங்கிவிட்டது என்று பொருள். இந்த வேகத்துக்கும் பிற்கால நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் மிதமான தொடர்பு உண்டு. ஒரு வயதை நெருங்கும்போது கணக்கு மாறும். ஒரே பொம்மையோடு நிலைத்து விளையாடுவது அப்போது நல்ல அறிகுறி. இவையெல்லாம் சராசரிகள். வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டாம்.

குழந்தையின் கவனம் நம்மோடு சேர்ந்துதான் வளர்கிறது. உளவியல் ஆய்வாளர்களான சென் யூ, லிண்டா ஸ்மித் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பார்க்கும் பொம்மையைப் பெற்றோரும் பார்த்தபோது, பெற்றோர் பார்வையை எடுத்த பிறகும் குழந்தை அதிலேயே கூடுதல் நேரம் நிலைத்தது. ஆகவே குழந்தை கிண்ணத்தைப் பார்த்தால் நீங்களும் கிண்ணத்தைப் பாருங்கள், அதைப் பற்றியே பேசுங்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொம்மையின் பக்கம் அதன் முகத்தைத் திருப்பாதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று பொருள் போதும். பச்சிளம் குழந்தையிடம் 20–30 செ.மீ. தூரத்தில் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் களைத்துவிட்டது, காத்திருங்கள்.

யாரும் பார்க்காத டிவியை அணைத்துவிடுங்கள். பின்னணியில் ஓடும் டிவியே விளையாட்டைத் துண்டு துண்டாக்குகிறது. சோறு ஊட்டப் போன் வேண்டாம். முதலில் சில நாள் அழும், பிறகு பழகும். உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்குள் திரையே கூடாது. அதன்பின் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது.

மூன்று மாதத்தில் முகத்தைக் கண்ணால் தொடராவிட்டாலோ, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டாவிட்டாலோ தாமதிக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். 'ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் வரும்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பெயருக்குத் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும்.