ரன் ஆஃப்: மறுதேர்தலும் இல்ல, இரண்டாம் கட்டமும் இல்ல

ஆப்பிரிக்காவுல எங்கயாவது அதிபர் தேர்தல் நடந்து யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காம ரன் ஆஃப் (முதல் ரெண்டு இடம் வந்தவங்களுக்கு மட்டும் இன்னொரு வாக்குப்பதிவு) வந்தா போதும், நம்ம செய்திகள்ல உடனே "மறுதேர்தல் நடைபெறும்"னு வந்துடுது. ரொம்ப நாளா பொறுத்துப் பாத்தாச்சு. ஆனா மத்திய ஆப்பிரிக்கக் குடியரசோட தேர்தல் வரலாறுன்னு தமிழ்ல ஒரு கட்டுரை படிச்சேன், அதுல 2016 பிப்ரவரி 14-ம் தேதி நடந்ததை "அன்று மறுதேர்தல் நடத்தப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. அன்னிக்கு அந்த நாட்டுல நடந்தது ரெண்டு வேற வேற வாக்குப்பதிவு. ஒண்ணு மறுதேர்தல், இன்னொண்ணு மறுதேர்தலே கிடையாது.

முதல்ல சொல்லோட பிறப்பை சீக்கிரமா பாத்துடலாம். ரன் ஆஃப்ங்கிறது இங்கிலீஷ்ல ஓட்டப்பந்தயத்துலேர்ந்து வந்த சொல், ரெண்டு பேர் சரிசமமா வந்து நின்னுட்டா யாரு முதல்னு தீர்க்க அவங்களை மட்டும் இன்னொரு தடவை ஓட விடுறது. அமெரிக்காவுல அதை அரசியலுக்கு இழுத்துக்கிட்டாங்க. ஆனா மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு பிரான்ஸ் கையிலேர்ந்து 1960-ல விடுதலை வாங்கின நாடு, காலனியா இருந்தப்போ உபாங்கி-ஷாரின்னு பேரு. இன்னிக்கு சாங்கோவும் பிரெஞ்சும் ஆட்சிமொழி, தேர்தல் முறை பிரான்ஸ் வழியில வந்தது. பிரெஞ்சுல இதுக்கு ரெண்டு சொல் புழங்குது. ஒண்ணு பலோத்தாஜ், யாரும் பாதியைத் தாண்டாம முடிவு தொங்கிக்கிட்டு நிக்கிற நிலைக்கு அந்தப் பேரு. ஓட்டு போட உருண்டை போட்ட காலத்து இத்தாலியச் சொல் 'பலோத்தா'லேர்ந்து வந்தது, இங்கிலீஷ்ல வாக்குச்சீட்டைச் சொல்ற பேலட்டுக்கும் அதே வேர்தான். இன்னொண்ணு வெறும் 'தூர்', அதாவது சுற்று. முதல் தூர், ரெண்டாம் தூர், அவ்வளவுதான் அவங்க சொல்றது. மூலத்துலயே சுற்றுன்னு இருக்கு, நம்மகிட்டயும் சுற்றுன்னு சொல் இருக்கு, நடுவுல இங்கிலீஷ் வழியா சுத்தி வந்து மறுதேர்தல் ஆக்கினது யாரு வேலை?

முறை சிக்கலானது இல்ல. முதல் சுற்றுல எத்தனை பேர் வேணா நிக்கலாம், ஒருத்தர் பாதிக்கு மேல வாங்கிட்டா அதோட முடிஞ்சுது. இல்லன்னா முதல் ரெண்டு இடம் வந்தவங்க மட்டும் இரண்டாம் சுற்றுக்குப் போவாங்க. முதல் சுற்று செல்லாம போகல, ரத்தாகல, அந்த முடிவை வெச்சுத்தான் இரண்டாம் சுற்றே நடக்குது. மறுதேர்தல்னா என்ன? நடந்தது செல்லாதுன்னு அறிவிச்சுட்டு முதல்லேர்ந்து நடத்துறது. மறுவாக்குப்பதிவும் அதே குடும்பம், ஒரு வாக்குச்சாவடியில கலாட்டா, மெஷின் கோளாறுன்னா அங்க மட்டும் திரும்ப நடத்துறது. இந்த 'மறு' ரெண்டுலயும் "முன்னாடி நடந்ததுல கோளாறு"ங்கிற பொருள் ஒட்டிக்கிட்டே இருக்கு. வினாத்தாள் வெளியாகி தேர்வு ரத்தாச்சுன்னா எல்லாரும் திரும்ப எழுதுறது மறுதேர்வு. எழுத்துத் தேர்வுல மேல வந்தவங்களை நேர்முகத்துக்குக் கூப்பிடுறதை யாராவது மறுதேர்வுன்னு சொல்வாங்களா?

இப்போ 2016-க்கு வருவோம். 2013-ல செலெக்கா கிளர்ச்சிக்காரங்க தலைநகர் பாங்கியைப் பிடிச்சு, அதிபர் பொசிசே ஓடிப்போயி, நாடே ரத்தக்களறியா ஆனதுக்கப்புறம் இடைக்கால அதிபர் கேத்தரின் சம்பா-பன்சா பொறுப்புல நடந்த தேர்தல் அது. 2015 டிசம்பர் 30 அன்னிக்கு அதிபர் தேர்தலோட முதல் சுற்றும் நாடாளுமன்றத் தேர்தலோட முதல் சுற்றும் சேர்ந்தே நடந்துச்சு. அதிபர் பதவிக்கு 30 பேர் நின்னாங்க. முன்னாள் பிரதமர் தொலொகெலே 24 சதவீதத்துக்குக் கிட்ட வாங்கி முதல் இடம், இன்னொரு முன்னாள் பிரதமரும் கணிதப் பேராசிரியருமான துவாதெரா 19 சதவீதத்தோட ரெண்டாம் இடம். அந்த முடிவு நின்னுது. ஆனா நாடாளுமன்றத் தேர்தல் முடிவு நிக்கல, முறைகேடுன்னு சொல்லி அரசமைப்பு நீதிமன்றம் ஜனவரியில மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. அதனால பிப்ரவரி 14 அன்னிக்கு ஒரே சாவடிக்கு வந்த வாக்காளர் ரெண்டு வேலை செஞ்சார். அதிபருக்கு இரண்டாம் சுற்று ஓட்டு, அது டிசம்பர் ஓட்டோட தொடர்ச்சி. நாடாளுமன்றத்துக்கு மறுதேர்தல் ஓட்டு, அதுல டிசம்பர்ல போட்டது கணக்குலயே இல்ல.

ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா வாசகருக்கு என்ன புரியும்? அதிபர் தேர்தலும் ரத்தாச்சுன்னுதான் புரியும். அதுவும் துவாதெரா 62 சதவீதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சார்னு படிக்கும்போது, 19 வாங்கினவர் ஒன்றரை மாசத்துல எப்படி 62 ஆனார், கள்ள ஓட்டான்னு சந்தேகம் வரும். 28 பேர் போட்டியிலயே இல்ல, அவங்கள்ல பலர் துவாதெராவை ஆதரிச்சாங்க, அந்த ஓட்டுங்க இந்தப் பக்கம் வந்துச்சுங்கிற சாதாரண விஷயம் அந்த ஒரு சொல்லால மறைஞ்சு போகுது. இதோட முடியல. நாடாளுமன்றத் தேர்தலும் ரெண்டு சுற்று முறைதான், அதனால பிப்ரவரியில பாதியைத் தாண்டாத தொகுதிகளுக்கு மார்ச் 31 அன்னிக்கு இரண்டாம் சுற்று நடந்துச்சு. அது மறுதேர்தலோட இரண்டாம் சுற்று. ரன் ஆஃப்புக்கு மறுதேர்தல்னு பேர் வெச்சவங்க இதை எப்படி எழுதுவாங்க, மறுதேர்தலின் மறுதேர்தல்னா?

இது ஒரு தடவை நடந்த விபத்தும் இல்ல. 1992 அக்டோபர்ல அங்க பல கட்சித் தேர்தல் நடந்து அது செல்லாம போச்சு. அதுக்குப் பதிலா 1993 ஆகஸ்ட் 22-ல புதுசா நடத்தினாங்க, இது உண்மையான மறுதேர்தல். அதுல முன்னாள் பிரதமர் பத்தாசே 40 சதவீதத்துக்குக் கீழ வாங்கி முதல் இடம், ஆபெல் கூம்பா ரெண்டாவது, முன்னாள் அதிபர் டாக்கோ மூணாவது, பன்னிரண்டு வருஷமா ஆண்டுக்கிட்டிருந்த ஜெனரல் கொலிங்பா நாலாவது. பதவியில இருந்த ராணுவ ஆட்சியாளர் இரண்டாம் சுற்றுக்கே வர முடியலங்கிறதுதான் அன்னிக்குப் பெரிய சேதி! செப்டம்பர் 19 இரண்டாம் சுற்றுல பத்தாசே 53 சதவீதத்துக்கு மேல வாங்கி கூம்பாவை ஜெயிச்சார். எல்லாத்தையும் மறுதேர்தல்னு எழுதினா பதினோரு மாசத்துல ஒரே தேர்தலை மூணு தடவை நடத்தின மாதிரி ஆயிடுது, கொலிங்பா வெளியேறினது எந்த இடத்துலங்கிறதே தெரியாது.

சரி, மறுதேர்தல் வேணாம்னு ஒத்துக்கிறவங்க அடுத்து எடுக்கிறது "இரண்டாம் கட்டத் தேர்தல்". இதுதான் எனக்கு இன்னும் கோவம் வர வைக்குது, ஏன்னா பாக்க நல்லா இருக்கு, தமிழாவும் இருக்கு, ஆனா பொருள் முழுசா வேற. இந்தியாவுல கட்டம்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். 2024 மக்களவைத் தேர்தல் ஏழு கட்டமா நடந்துச்சு, தமிழ்நாடு ஏப்ரல் 19-ல முதல் கட்டத்துலயே ஓட்டு போட்டுட்டு ஜூன் 4 வரைக்கும் முடிவுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு. கட்டம்னா வேற வேற ஊர் வேற வேற நாள்ல போடுறது, ஒரு ஆளுக்கு ஒரே தடவைதான். சுற்றுன்னா அதே ஆளு அதே பதவிக்கு ரெண்டாவது தடவை போடுறது. 2005-ல அப்போ அதிபரா இருந்த பொசிசேயும் முன்னாள் பிரதமர் சிகெலேயும் மோதின தேர்தல்ல மார்ச் 13 முதல் சுற்று, மே 8 இரண்டாம் சுற்று. இதை "முதல் கட்டம் மார்ச் 13, இரண்டாம் கட்டம் மே 8"னு எழுதினா நம்ம வாசகர் வடக்கு ஜில்லாக்கள் மார்ச்லயும் தெற்கு மே-லயும் போட்டுச்சுன்னு நினைப்பார். அவர் நினைக்கிறது தப்பே இல்ல, அவருக்குத் தெரிஞ்ச சொல்லை அவருக்குத் தெரிஞ்ச பொருள்லதான் படிக்கிறார்.

"கட்டம்னா ஸ்டேஜ்தானே, அகராதியிலயே இருக்கே"ன்னு வாதாடுறாங்க. அகராதியில இருக்கலாம், ஆனா தேர்தல் பேச்சுல அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே ஒரு வேலை கொடுத்தாச்சு. வேலையில இருக்கிற சொல்லைப் பிடிச்சு வேற வேலைக்கு அனுப்பினா ரெண்டு வேலையும் கெடும். அதுவும் இந்த நாட்டுக்கு எழுதும்போது ரெண்டும் ஒரே நாள்ல வந்து மோதும். 2020 டிசம்பர் 27 தேர்தலப்போ கிளர்ச்சிப் படைகள் நாட்டோட பெரும் பகுதியில இருந்ததால நிறைய இடத்துல சாவடியே திறக்க முடியல. அதனால 2021 மார்ச் 14-ல சில தொகுதிகள்ல நாடாளுமன்றத்துக்கு இரண்டாம் சுற்று, டிசம்பர்ல ஓட்டே போடாத தொகுதிகள்ல அன்னிக்குத்தான் முதல் சுற்று. இங்க கட்டம்ங்கிற சொல்லுக்கும் நியாயமான இடம் இருக்கு: நாள்படி பாத்தா அது இரண்டாம் கட்டம், அந்தக் கட்டத்துக்குள்ள சில ஊருக்கு முதல் சுற்று, சில ஊருக்கு இரண்டாம் சுற்று. ரெண்டு சொல்லும் கையில இருந்தா ஒரே வாக்கியத்துல சொல்லிடலாம்.

சுற்றுங்கிற சொல்லுக்கும் ஒரு ஆட்சேபணை வருது, அது நியாயமானது. நம்ம ஊர்ல சுற்றுன்னா ஓட்டு எண்ணுறது. "ஐந்தாம் சுற்று முடிவில் முன்னிலை"ன்னு டிவி அலறுறதைக் கேட்டு வளர்ந்த காது. இலங்கையிலயும் 2024 ஜனாதிபதித் தேர்தல்ல யாருக்கும் பாதி கிடைக்காம விருப்பு வாக்கை எண்ணினப்போ அதை இரண்டாம் சுற்று எண்ணிக்கைன்னாங்க, அங்க யாரும் திரும்ப வாக்குச்சாவடிக்குப் போகல, ஒரே சீட்டுல போட்ட அடுத்த விருப்பத்தை எண்ணினாங்க. அதனால மொட்டையா "இரண்டாம் சுற்று"ன்னு விடக் கூடாது, முதல் தடவை எழுதும்போது "இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு"ன்னு முழுசா எழுதிட்டா குழப்பம் தீந்துச்சு. "இறுதிச் சுற்று"ன்னு எழுதினாலும் இதே எண்ணிக்கைக் குழப்பம்தான் வரும், ஆனா மறுதேர்தலுக்கு அது எவ்வளவோ மேல்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலருக்கு "அறுதிச் சுற்று" பிடிக்கலாம். எனக்கும் அந்த ஓசை பிடிச்சிருக்கு, அறுதிப் பெரும்பான்மைங்கிற சொல்லோட ஜோடி சேருது, முடிவு கட்டுறதுங்கிற பொருளும் உள்ள இருக்கு. ஆனா படிக்கிறவர் அதைப் பாத்து இது ரெண்டாவது ஓட்டுன்னு கண்டுபிடிக்க முடியாது, அதனால தெளிவு வேணும்னா 'இரண்டாம்'ங்கிற எண்ணுதான் வேணும். தூய்மை பத்தி பேசுறவங்க ஓட்டுன்னு எழுதினா திட்டுறாங்க, வாக்குன்னு எழுதச் சொல்றாங்க. ஓட்டு இங்கிலீஷ்லேர்ந்து வந்துச்சு, வாக்கு சமஸ்கிருதத்துலேர்ந்து வந்துச்சு, ரெண்டும் வந்தது தான். எதை வேணா எழுதுங்க, ஆனா தப்பான தேர்தலைச் சொல்லாதீங்க.

பெரும்பான்மையையும் இதே மாதிரி பாழாக்குறாங்க. முதல் இடம் வந்தாலே "பெரும்பான்மை பெற்றார்"னு போட்டுடுறாங்க. பெரும்பான்மைன்னா பாதிக்கு மேல. தொலொகெலே முதல் சுற்றுல வாங்கினது முதலிடம், அவருக்குப் பெரும்பான்மை கிடைச்சிருந்தா இரண்டாம் சுற்றே நடந்திருக்காது. இந்த நாட்டுல சண்டையே அந்தப் பாதிக் கோட்டுலதான். 1981-ல டாக்கோ பாதியைக் கொஞ்சமே தாண்டி முதல் சுற்றுலயே ஜெயிச்சார், அந்த வருஷம் செப்டம்பர்ல கொலிங்பா அவரை இறக்கிட்டார். 1999-ல பத்தாசே 51 சதவீதத்துக்கு மேல கொஞ்சம், 2020-ல துவாதெரா 53, எதிர்க்கட்சிங்க ரெண்டு தடவையும் முடிவை ஏத்துக்கல. பாதிங்கிற சொல்லை அலட்சியமா மொழிபெயர்த்தா இந்தச் சண்டை எதுக்குன்னே புரியாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், பொதுவாக்கெடுப்பையும் தேர்தல்னு எழுதுறாங்க. 2023 ஜூலை 30-ல நடந்தது தேர்தல் இல்ல, அதிபர் பதவிக்கால வரம்பை எடுத்துட்டு ஐந்து வருஷத்தை ஏழாக்கின புது அரசமைப்புக்கு ஆமா இல்லன்னு கேட்டது. 1986 நவம்பர்ல கொலிங்பா நடத்தினதும் பொதுவாக்கெடுப்புதான், ஆனா அந்த ஒரே ஆமாவுல அரசமைப்பும் ஏறிச்சு, அவருக்கு ஆறு வருஷப் பதவியும் சேர்ந்து ஏறிச்சு. அதை "1986 தேர்தலில் கொலிங்பா வெற்றி"ன்னு எழுதாதீங்க, எதிர்த்து ஒரு வேட்பாளர் கூட நிக்கல. "பொதுவாக்கெடுப்பு வழியாகப் பதவியை நீட்டித்துக்கொண்டார்"னு எழுதுங்க.