பழைய வீட்டுச் சுவரில் சிமெண்டு பூசும் முன்

பழைய வீடுகளைச் சீரமைப்பதுதான் என் தொழில். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது ஒரே விஷயத்தைத்தான்: "சுவரில் ஓதம் ஏறுது, போன தடவை நல்லா சிமெண்டு வெச்சுப் பூசினோம், அப்படியும் நிக்கல." சிமெண்டு பூசியதால்தான் நிற்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-ல். அது எல்லா வீட்டு வேலைக்கும் வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆனது. அதற்கு முந்தைய செங்கல் வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ மண்சாந்திலோ எழுந்தவை. அந்தச் சுவர் மழையையும் தரை ஈரத்தையும் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் பூச்சு வழியாகவே ஆவியாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகும்? மென்மையான சுவர் லேசாக அசையும், விறைப்பான பூச்சு அசையாது, அதனால் முடி போல விரிசல் விடும். அந்த விரிசலில் தண்ணீர் நுழையும், ஆனால் திரும்பி வர வழியிருக்காது. ஈரம் செங்கலுக்குள்ளேயே தேங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கலின் முகத்தை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும்.

ஒரு வீட்டில் சிமெண்டுப் பூச்சை உளியால் எடுத்தபோது, விரல் கனத்துக்குச் செங்கலும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவருடைய தாத்தா காலத்தில் அடுக்கிய செங்கல் அது. பூச்சு போனால் மறுபடி பூசலாம், செங்கல் போனால் போனதுதான். சாந்து எப்போதும் செங்கல்லை விட மென்மையாக இருக்க வேண்டும் என்று பழைய கொத்தனார்கள் சொல்வது இதற்காகத்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், ஓடு நகர்ந்த இடம், வெளியே மண்ணோ தளமோ போட்டுப் போட்டுச் சுவரடி புதைந்துபோனது, பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். அதைச் சரிசெய்து சுவரைக் காயவிடாமல் எதைப் பூசினாலும் வீண்.

அப்புறம் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோகும். சுட்டதைத் தண்ணீரில் நீற்றிக் குழைத்துப் பூசினால், போன அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். அந்த 'மெல்ல' என்பதில்தான் அவசரக்காரர்கள் தோற்கிறார்கள். ஒரே கனமாக அப்பாமல் மெல்லிய படைகளாகப் பூச வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நாள் கொடுக்க வேண்டும், வெயிலில் சடாரென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டாலே மாவாக உதிரும். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு மிக ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள்.

பழைய சாந்தில் ஒரு துண்டைப் பெயர்த்து நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். மணலில் சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ இருந்தால் அதுவும் கரைந்துவிடும், அதைக் கவனியுங்கள். மிஞ்சிய மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்தே புது மணலைத் தேர்ந்தெடுக்கிறோம். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் பிளாஸ்டிக் போல மூடிக்கொள்ளும் பெயிண்டை அடித்துவிட்டால் பழைய கதைதான். சுண்ணாம்பே அடியுங்கள்.

மரவேலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சுவருக்குள் பதிந்த உத்தரத்தின் முனை உளுத்திருந்தால் முழு உத்தரத்தையும் கழற்றச் சொல்லாதீர்கள். நல்ல தச்சர் கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே சாதி மரத்தை ரேகை பார்த்து இணைத்துவிடுவார். ஒரு வேலைத்தளத்தில், தூக்கிப் போடச் சொல்லியிருந்த கதவு நிலையை ஒரு வயதான தச்சர் இரண்டே நாளில் மீட்டுக் கொடுத்ததைப் பார்த்த பிறகு, 'மாற்றிவிடலாம்' என்ற சொல்லை நான் சுலபமாகச் சொல்வதில்லை.

கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது கூலியை விசாரிப்பதற்கு முன் சுண்ணாம்பை எப்படி நீற்றுவார், எத்தனை நாள் ஊறவைப்பார் என்று கேளுங்கள். சுவரைக் கரணைப் பிடியால் தட்டி, எங்கே பொள்ளலாக ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவரானால் பாதி நம்பிக்கை வந்துவிடும். அவரை அதிகம் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு மீட்டர் சதுரத்துக்குப் பூசிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதமாவது விட்டு, விரிசல் உண்டா, நகத்தால் கீறினால் உதிர்கிறதா என்று அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, பிறகு மிச்சச் சுவரைக் கொடுங்கள்.