தோட்டப் பள்ளிக்கூடம் ஏன் கொதிக்கிறது, எப்படிக் குளிர வைக்கலாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளில் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் மேசைமேல் சாய்ந்துவிடுவதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். பசி, அதிகாலையில் எழுந்து பஸ் பிடித்த அலுப்பு என்று காரணம் சொல்வோம். அவையும் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் தலைக்கு மேலேயே இருக்கிறது: கூரை.

வெயில் உச்சிக்கு வரும்போது ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறக்குறைய 1000 வாட் வெப்பம் விழுகிறது. நிறம் மங்கிப்போன பழைய தகரம் 60 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். சூடான காற்று மேலேயே தங்கிவிடுகிறது. அதனால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருவது கதிர்வீச்சு. தோசைக்கல் முன்னால் நின்றால், தொடாமலே முகத்தில் சூடு அடிக்கிறதல்லவா, அதே விதத்தில் தகரத்தின் அடிப்பக்கம் பிள்ளைகளின் உச்சந்தலையைச் சுடுகிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி 32 டிகிரி காட்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உடம்புக்கோ அதைவிடப் பல டிகிரி கூடுதலாகத் தெரியும். இதோடு அறைக்குள் இருக்கும் 30 பிள்ளைகளின் உடற்சூடு வேறு. ஆளுக்கு 70 வாட் என்று வைத்தாலும் 2000 வாட்டைத் தாண்டுகிறது.

இதற்கு மிக அழகான விடை ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கேரே, கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோதே, 2001-இல் தன் ஊருக்கே ஒரு தொடக்கப்பள்ளி கட்டிக் கொடுத்தார். 2004-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022-இல் கட்டடக்கலையின் மிகப்பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பள்ளியிலும் தகரக் கூரைதான். ஆனால் அது வகுப்பறைமேல் உட்காரவில்லை. இரும்புக் கம்பிச் சட்டங்களின்மேல், உட்கூரையிலிருந்து நன்றாக விலகி உயரத்தில் நிற்கிறது. வெயிலை வாங்குவது மேல்தகரம். அது சூடாக்கும் காற்று இடைவெளி வழியாக ஓடிப்போய்விடுகிறது. அகலமான அந்தக் கூரை சுவருக்கும் நிழல் தருகிறது.

இந்த இரட்டைக் கூரை நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறும் இயற்பியலை வகுப்பறைக்குள் நம்பிப் பயனில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வேறுபாடு இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கும். தகரத்துக்கு அடியில் அந்த வேறுபாடு மிகப் பெரியது, அதனால் அங்கே அது உண்மையாகவே வேலை செய்கிறது. கூரையின் கீழ் விளிம்பில் காற்று நுழைய வழியும், முகட்டில் வெளியேற வழியும் விட்டால் போதும். அந்த வழிகளில் பறவையும் அணிலும் புகாத கம்பி வலை அடித்துவிட வேண்டும்.

ஆனால் கேரே அந்தப் பள்ளிக்குக் கட்டிய மண்சுவரை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது. பசுமைக் கட்டடம் என்றாலே தடித்த மண்சுவர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வறண்ட நாட்டில் இரவு நன்றாகக் குளிரும்; சுவர் அந்தக் குளிரை வாங்கி வைத்துப் பகலில் தரும். பேராக்கில் இரவு பெரும்பாலும் 23, 24 டிகிரி வரைதான் இறங்கும். தடித்த சுவர் இங்கே வாங்கி வைக்கக் குளிர் ஏது? நமக்கு வேண்டியது நிழலில் நிற்கும் லேசான சுவரும், அதில் நிறையத் திறப்புகளும்.

புதுக் கட்டடத்துக்குப் பணம் இல்லாத பள்ளிகளே அதிகம் என்பது தெரிந்ததுதான். அப்படிப்பட்ட பள்ளியில் தகரத்துக்குக் கீழே, ஒரு கையகல இடைவெளி விட்டு, அலுமினியத் தாள் விரிக்கலாம். பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தானும் மிகக் குறைவாகவே வெப்பத்தை வீசும். பளபளப்பு கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்திருந்தால் சில ஆண்டுகளில் தூசு படிந்து பலன் போய்விடும். தாளை எதன்மேலும் ஒட்டி வைக்கக் கூடாது. இடைவெளி இல்லாவிட்டால் அதுவும் சூட்டைக் கடத்தும் ஓர் உலோகம், அவ்வளவுதான். கூரைக்கு வெள்ளைச் சாயம் அடிப்பதும் நல்லதே. ஆனால் நம் ஈரத்தில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், அவ்வப்போது கழுவ வேண்டும்.

அடுத்தது திசை. வகுப்பறை வரிசை கிழக்கு மேற்காக நீண்டு, சன்னல்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பாடநூலும் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் உயரத்தில் போவதால், வடக்குத் தெற்குச் சன்னல்களை ஒன்றரை மீட்டர் தாழ்வாரத்தால் ஏறக்குறைய ஆண்டு முழுதும் நிழலில் வைக்கலாம். கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு எந்தத் தாழ்வாரமும் உதவாது. சாய்ந்த வெயில் நேராக உள்ளே வரும்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் வாக்கில். காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்று, ஒன்றரைக்கு முடியும் பள்ளியில், பாடம் நடக்கும் நேரம் ஏறக்குறைய முழுவதும் சூரியன் கிழக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது! வீடு கட்டும்போது மேற்கு வெயிலுக்குப் பயப்படுவோம். பள்ளிக்குப் பகை கிழக்கு வெயில். அதனால் கிழக்குக் கோடியில் கழிவறை, கிடங்கு போன்றவற்றை வைத்துவிட வேண்டும். நிலம் வாய்க்காமல் வகுப்பறையை ஏதோ ஒரு பக்கம் திருப்பியே ஆகவேண்டுமானால், காலைப் பள்ளிக்கு மேற்கைப் பார்த்திருப்பதே மேல்.

அப்புறம் காற்று. 80 சதவீத ஈரப்பதத்தில் வியர்வை காய்வது கடினம். காற்று அசைந்தால்தான் காயும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால், உடம்புக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைந்தது போல இருக்கும். வகுப்பறைத் தரைப் பரப்பில் குறைந்தது 20 சதவீதம் சன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியாவது திறக்க வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட விதிகள். அது குறைந்த அளவுதான். நான் அதைப்போல் இரு மடங்கு கேட்பேன். அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில். இரண்டு கண்ணாடிகளில் ஒன்று நகரும் சன்னலைப் பொருத்தினால் பாதிதான் திறக்கும். பழைய நாக்கோ சன்னலோ கிட்டத்தட்ட முழுதும் திறக்கும். சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் சாரலையும் தடுக்கும். பல பள்ளிகள் சீரமைப்பின்போது நாக்கோவைக் கழற்றிவிட்டு நகரும் கண்ணாடி போடுவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

பேராக்கின் உட்பகுதியில் காற்று சோம்பலாகத்தான் வீசும், ஆகவே விசிறி வேண்டும். புதுவகை மின்விசிறி 30 வாட்டில் ஓடும். ஆறு வகுப்புக்கு நான்கு நான்காக 24 விசிறி போட்டாலும் மொத்தம் 720 வாட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்று ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு நாலேகால் யூனிட். 2 கிலோவாட் சூரியத் தகடுகள் அதைவிட அதிகமாகவே தரும். ஏர்கோன் போட்டு அறையை மூடினால் பிள்ளைகளின் மூச்சுக்காற்றும் உள்ளேயே சுற்றும். 2016 ஏப்ரலில் எல் நினோ வெயிலில் பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடியதுபோல நாள்கள் வரும்போது, குளிரூட்டிய ஓர் அறை இருப்பது நல்லதுதான். எல்லா அறையும் அப்படி இருக்கத் தேவையில்லை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரத்தில் கனமழை பெய்தால் ஆசிரியர் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. உட்கூரைமேல் பாறைப் பஞ்சு எனப்படும் ராக்வூல் பரப்பினால் சத்தமும் குறையும், சூடும் குறையும். (இது நோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் அல்ல, அந்தப் பழைய தகடு கூரையில் இருந்தால் உடைக்காமல் முறையாக அகற்ற வேண்டும்.)

500 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 லிட்டர். சிதறல் போக 20,000 லிட்டர் பிடிக்கலாம். 100 பிள்ளைகள் நாளுக்கு இருமுறை, தடவைக்கு 6 லிட்டர் ஊற்றிக் கழிவறையைப் பயன்படுத்தினால் 1200 லிட்டர். ஆக ஒரே மழை மூன்று பள்ளி வாரங்களுக்கு வந்துவிடும். முதல் ஒரு மில்லிமீட்டர் மழை கூரையின் எச்சத்தையும் தூசையும் கழுவிக்கொண்டு வருவதால், அந்த 500 லிட்டரைத் தனிக் குழாய் வழியே வெளியே விட்டுவிட வேண்டும். இந்தத் தண்ணீர் கழிவறைக்கும் தோட்டத்துக்கும்தான், குடிக்க அல்ல. தொட்டியின் நுழைவாயிலிலும் வழிந்தோடும் குழாயிலும் கொசுவலை கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வலை கிழிந்திருக்கிறதா என்று வாரம் தவறாமல் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பள்ளி விடுமுறையிலும் யார் பார்ப்பது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தொட்டி வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.