ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த இசைத்தட்டு

பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவது என் தொழில். போன குளிர்காலத்தில் ஒரு அமெரிக்கப் பெண்மணி, பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்ததென்று ஒரு பத்து அங்குல இசைத்தட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். லேபிளில் உலக உருண்டையோடு ஒரு கழுகு. பாராமவுண்ட்! (சினிமா கம்பெனி இல்லை, அதே பெயரில் இருந்த இசைத்தட்டு கம்பெனி.) ஆசையோடு விளக்கடியில் பிடித்தேன். ஒரு பக்கம் பளபளப்பே இல்லை. வரிப்பள்ளங்கள் இழுகி, அவற்றில் பஞ்சு ஒட்டியிருந்தது. அழுக்காக இருந்ததே என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாராம்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்துத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. கல்தூளையும் கரியையும் அரக்கில் குழைத்து அழுத்தியது. அரக்கு தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். நம் ஊர் தச்சர்கள் அப்படிக் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், பாராமவுண்டை நடத்தியதே மர சாமான் செய்கிறவர்கள்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த ஒரு நாற்காலி கம்பெனி. கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டும் போட்டார்கள். 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ‘ஓகே’ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ சக்கைப்போடு போட்டது. (புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை.) கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாராமவுண்டும் இறங்கியது. மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி பேட்டன், 1930இல் சன் ஹவுஸ் என்று புளூஸின் பெருந்தலைகள் பலர் அங்கே பாடினார்கள். ஆனால் அரக்குக் கலவையில் கஞ்சத்தனம். புதுத் தட்டே இரையும்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் விற்பனை படுத்தது. 1932இல் ஒலிப்பதிவை நிறுத்தினார்கள். தட்டு அச்சடிக்கும் உலோக மூல அச்சுகள் பழைய இரும்புக் கணக்கில் போயின. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த அரக்குக்குத் தட்டுப்பாடு; 1942இல் இசைத்தட்டுக்கான அரக்கை அமெரிக்க அரசு குறைத்தது. உருக்கிப் புதுத் தட்டு போட ஜனங்கள் பழையதை அள்ளிக் கொடுத்தார்கள். பாராமவுண்டுக்குப் பாடிய புளூஸ் பாடகி கீச்சி வைலியின் தட்டுகளில் இன்று மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம். அங்கே பாடிய இன்னொருவர் வில்லி பிரவுன்; அவருடைய ஒரு தட்டுக்கு ஒரு பிரதிகூட அகப்படவில்லை. ஆக, பரணில் கிடப்பது பிரதி அல்ல, அதுதான் மூலச்சுவடி.

அதனால் கையில் கிடைத்தால் முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். லேபிளையும், அதை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுங்கள். படுக்கப்போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கழுவியே ஆக வேண்டுமா? காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், லேபிள் நனையக் கூடாது. விரிசல் இருந்தால் அதுவும் வேண்டாம். எல்பி எனும் பிற்காலத்து பிளாஸ்டிக் தட்டுக்கான ஊசியை வைக்காதீர்கள். அதன் சுமார் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை, 75 மைக்ரான் ஊசிக்கு வெட்டிய பள்ளத்தின் அடியில் போய் உரசும். இரும்பு ஊசி கிராமபோன் அதைவிட மோசம், தட்டையே செதுக்கிவிடும். மென்பொருளால் இரைச்சலை ஒட்ட வழித்தெடுப்பதும் எனக்குப் பிடிக்காது. கிடார் கம்பியில் விரல் உரசும் சத்தமும் கூடவே போய்விடும்.

அந்தத் தட்டில், துடைத்த பக்கத்தில் முதல் சில வரிகள் கேட்டன; பிறகு வெறும் சீற்றம். மறுபக்கம் முழுசாகக் கிடைத்தது. அதைத் துடைப்பதற்குள் புட்டியில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டதாம்.