‘தற்கொலைத் தலையீடு’: தலையிடுவது யார்?

சிங்கப்பூரில் தொண்டூழியர்களுக்கான அறிவிப்புகளில் ‘தற்கொலைத் தலையீட்டுத் திறன் பயிற்சி’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ‘இன்டர்வென்ஷன்’ என்பதன் தமிழாக்கமாம். அச்சொல்லின் லத்தீன் வேருக்கு ‘இடையே வருதல்’ என்று பொருள். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணும் ஒருவரை இனங்கண்டு, அந்த எண்ணம் உண்டா என்று அவரிடமே வெளிப்படையாகக் கேட்டு, சொல்வதைச் செவிமடுத்து, ஆபத்தான வேளையைக் கடக்க உடனிருந்து, உரிய உதவியோடு இணைத்துவிடுவதையே இத்துறையினர் அச்சொல்லால் குறிக்கிறார்கள். தடுப்பு என்பது பரந்த பணி. இது நெருக்கடி வேளையின் பணி என்பதால் தனிச்சொல் தேவைதான்.

ஆனால் அது ‘தலையீடு’ ஆகாது. முதற்குறை இலக்கணத்தில் இருக்கிறது. அரசியல் தலையீடு, காவல்துறைத் தலையீடு, நீதிமன்றத் தலையீடு ஆகிய தொடர்களில் முன்நிற்கும் சொல் தலையிடுபவரைக் குறிக்கிறது. அந்த வழக்கில் படித்தால் ‘தற்கொலைத் தலையீடு’ என்பது தற்கொலையே வந்து தலையிடுவதாகிவிடும். அடுத்த குறை பொருளில். ‘அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதே’ என்று சொல்லி வளர்க்கும் சமூகம் நம்முடையது. 2021இல் நம் நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோதும் செய்திகளில் இதே சொல்தான் வந்தது. பகைநாட்டின் சூழ்ச்சிக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பரிவுக்கும் ஒரே சொல்லா? தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2020 ஜனவரி முதல் தேதியன்றுதான் நீங்கியது. அதுவரை, வெளியே சொன்னால் போலிஸ் வரும் என்று அஞ்சிய குடும்பங்களின் காதில் ‘தலையீடு’ எப்படி விழும் என்பதை மொழிபெயர்த்தவர் எண்ணியிருக்க வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘இடையீடு’ என்கிறார்கள். வேருக்கு வேர் பொருந்துகிறது என்பதே அவர்களின் வாதம். தூய தமிழில் எனக்கும் பற்று உண்டு. எனினும், ‘இடையீடின்றிப் பெய்த மழை’ என்று எழுதும் எவருக்கும் அச்சொல் தடையையும் இடைவெளியையும் குறிப்பது தெரியும். லத்தீன் வேரைப் பெயர்த்துவைப்பதால் தமிழ்ப்பொருள் வந்துவிடாது. ‘குறுக்கீடு’ இன்னும் மோசம்: பேசவிட்டுக் கேட்பதே உயிர்நாடியான பயிற்சிக்கு, பேச்சை வெட்டும் சொல்லைச் சூட்டுகிறார்கள். ‘தடுத்தாட்கொள்ளல்’ பெரியபுராணத்தின் மணம் வீசும் அழகான சொல். சுந்தரரை இறைவன் ஆட்கொண்டதற்கு அது பொருந்தும். தொண்டூழியர் யாரையும் ஆட்கொள்வதில்லை.

நான் பரிந்துரைப்பது ‘துணைநிற்றல்’. 1980களில் கனடாவில் உருவான, இதே திறனைக் கற்பிக்கும் இரண்டு நாள் பயிற்சியின் பெயர்ச்சுருக்கமே ‘அசிஸ்ட்’. உதவு என்று காதில் விழும்படி அமைந்த பெயர் அது. 1969இல் தொடங்கிய, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பைத் தமிழில் ‘சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம்’ என்கிறோம். ‘அபயம்’ வடசொல்தான். இருந்தாலும், அஞ்சாதே என்று சொல்லும் அச்சொல்லைத் தேர்ந்தவர், கேட்பவரின் மனநிலையை எண்ணித் தேர்ந்திருக்கிறார். இன்றோ ஆங்கிலச் சுவரொட்டி முழுதாக வடிவமைக்கப்பட்ட பிறகு, மிஞ்சிய கட்டத்துக்குள் தமிழைத் திணிக்கிறார்கள். அகராதியில் முதலாவதாக இருக்கும் சொல்லே வென்றுவிடுகிறது. தற்கொலையைப் பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்று பயிற்சியில் கற்றுத்தருகிறார்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பு ஒரு வரிகூடத் தருவதில்லை. “சாகலாம்னு தோணுதாக்கா?” என்று கேட்கத் துணிய வேண்டியவரின் கையில் ‘தலையீட்டு உத்திகள்’ என்ற தாளைத் தந்து என்ன பயன்?

‘தற்கொலைத் துணைநிற்றல்’ என்று ஒட்டினால் தற்கொலைக்கே துணைபோவதாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘தற்கொலை எண்ணம் கொண்டோருக்குத் துணைநிற்கும் பயிற்சி’ என்று விரித்துத்தான் எழுத வேண்டும். இரண்டு வரி பிடிக்கும். அதற்குக் கீழே, 24 மணி நேரமும் இயங்கும் எஸ்ஓஎஸ் உதவித் தொலைபேசி எண்ணான 1767க்கும் இடம் விட வேண்டும். சுவரொட்டியில் இருக்கும் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் போதும்.