புளி போட்டுத் தேய்த்தால் யானை போய்விடும்

தாத்தா வைகை மணலில் பொறுக்கிச் சேர்த்த செப்புக்காசுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றனவாம். சோழவந்தான் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். “எல்லாம் பச்சையேறிக் கிடக்கு சார். புளி போட்டுத் தேய்க்கவா, எலுமிச்சம்பழமா?”

இரண்டும் வேண்டாம். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டுமே செம்பின் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். செப்புக் குடத்தில் போவது போன மாதத்துக் கறை, போகட்டும். பழங்காசில் போவது அதன் முகம்.

அது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மண்ணுக்குள் ஈரம் பட்டதும் செம்பு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகின்றன. சில, இருந்த இடத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து குப்ரைட் என்னும் சிவப்பு ஆக்சைடாகின்றன. மற்றவை அதன் வழியே மெல்லக் கசிந்து வெளியேறி, ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் கூடி, மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட்டாக மேலே படிகின்றன. உலோகம் விட்டுப்போன இடத்தை அச்சுப் பிசகாமல் சிவப்பு நிரப்பிக்கொள்கிறது. திருவக்கரையில் மரம் கல்லாக மாறியும் மரத்தின் நார் அப்படியே தெரிகிறதே, அந்த மாதிரி.

சங்ககாலப் பாண்டியரின் சதுரக் காசில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன் இருக்கும். நன்றாகத் துருவேறிய காசில் அந்தத் தும்பிக்கை இப்போது செம்பில் இல்லை. பச்சைக்கும் செம்புக்கும் நடுவே, மில்லிமீட்டருக்கும் குறைவான சிவப்புப் படலத்தில் இருக்கிறது. அடியில் மிஞ்சிய உலோகம் மேடும் பள்ளமுமாக அரித்துப்போனது. அமிலத்தில் போட்டால் பச்சையோடு சிவப்பும் கரையும். கையில் கிடைப்பது பளபளவென்று ஒரு செப்புத் துண்டு, அவ்வளவுதான். அருங்காட்சியக வேதியியலாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே பச்சையைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டி, சிவப்பு தெரிந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். அகழாய்வுக் குழி திறந்தால் ஊரெல்லாம் செய்தி. இப்படிக் குனிந்து உட்காரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கினால் யார் படம் பிடிக்கிறார்கள்? என் கணக்கில் முதல் காசு அங்கேதான் போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். அதில் ஊறப்போட்டு, நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். இடுக்கில் இருப்பதற்கு மூங்கில் குச்சி போதும், ஊசி கூடாது. வராததை விட்டுவிடுங்கள். அப்புறம் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவையுங்கள்.

போர் தண்ணீர் கூடாது. நம் ஊர் உப்புத் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது. அது செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் செம்பை அரித்து மறுபடி குளோரைடாகும், சுற்று நிற்காது. விரலால் தொட்டாலே வெளிர்பச்சைப் பொடி உதிர்கிற காசு டப்பாவில் இருந்தால் இந்த நோய் பிடித்ததுதான். அதை நனைக்காமல் தனியே எடுத்து உலர்வாக வைத்து, மதுரை காந்தி மியூசிய வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டி யோசனை கேளுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு அரிசியை இழுக்கும், கோடி ரூபாய்க்குப் போகும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். செம்பு அரிசியை இழுக்காது. இனி மண்ணைத் தோண்டும்போது காசு கிடைத்தால் 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் இருக்கிறது: மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு கொண்டுபோங்கள். எந்த மண்ணில் கிடந்தது என்பதும் ஆய்வாளருக்கு வேண்டும்.