பருப்பு நன்றாக வேகிற தண்ணீர்

பென்னாகரம் பக்கம் ஒரு கடலைக்காடு. போர்வெல் போடும் ரிக் வண்டி 850 அடியைத் தாண்டியபிறகுதான் தண்ணீர் வந்தது. அதுவரை வெள்ளைப் புகையாகப் பறந்துகொண்டிருந்த கல்தூள் சேறாக மாறி, அப்புறம் தெளிந்ததும், நிலத்துக்காரப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். "தேன் மாதிரி இருக்கு சார். இவ்வளவு ஆழத்துத் தண்ணியில என்ன அழுக்கு இருக்கப்போவுது?" என்றார். அடுத்த வாரம் போனபோது அவர் மருமகளும் ஒரு நல்ல செய்தி சொன்னார். பழைய கிணற்றுத் தண்ணீரைவிட இதில் பருப்பு சீக்கிரம் வேகிறதாம், சோப்பும் நன்றாக நுரைக்கிறதாம்.

எனக்குச் சுரீர் என்றது அதைக் கேட்டுத்தான். ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஃபுளோரைடு என்ற, மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு, இருக்கலாம் என்று சொல்லப்படும் உச்ச அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நிலத்தடி நீர் தேடிக்கொடுப்பது என் தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இந்த முடிவைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: "எந்த ஃபேக்டரி சார்?" பக்கத்தில் ஃபேக்டரியே இல்லாத ஊரிலும் கேட்பார்கள். இந்த ஊர்களில் அது பெரும்பாலும் பாறையிலிருந்தே வருகிறது. பாறைக்குள் அது எப்படிப் போனது என்று சொல்ல ஆரம்பித்தால் கதை 250 கோடி ஆண்டு பின்னால் போகும். வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காட்டில் நடக்கும்போது காலில் இடறும் வெங்கச்சங்கல்லை எல்லோரும் பார்த்திருப்போம். கருங்கல் பாறையின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டது போலவும் அது ஓடும். அந்தக் கோடு ஒரு காலத்தில் வெடிப்பாக இருந்தது. சூடான நீர் அதன் வழியே ஓடி, தன்னிடம் கரைந்திருந்த சிலிக்கா என்ற மணற்பொருளை உள்ளே படியவிட்டு அடைத்துவிட்டது. கல் கரையுமா என்றால், கரையும். போதிய சூடும் அழுத்தமும் காலமும் வேண்டும், அவ்வளவுதான்.

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் காலத்தில் ஒரு துளை போட்டார்கள். 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. நம் ரிக்காரர் கணக்கில் நாற்பதாயிரம் அடி. அவ்வளவு ஆழத்தில் பாறை இறுகி, வறண்டு கிடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வெடிப்பு விட்ட பாறையும் அதற்குள் நீரும். அதற்கும் கீழே போனால் நீர் நமக்குத் தெரிந்த நீராக இருப்பதில்லை. 374 டிகிரி வெப்பத்தையும், காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 220 மடங்கு அழுத்தத்தையும் தாண்டிவிட்டால் அது திரவமும் அல்ல, ஆவியும் அல்ல. இரண்டுக்கும் நடுவான ஒன்றாக, மயிரிழை இடைவெளியிலும் புகுந்து போகும். கூடவே கரியமில வாயு, உப்பு, ஃபுளோரைடைத் தரும் ஃபுளோரின், குளோரின் எல்லாம் பயணம் செய்யும். பாறை உருகாமல், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வேறு பாறையாக மாறுவது இதன் வேலை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரா வட்டாரத்தில் உள்ள கப்பல்துர்கா குவாரிக்குப் போக வேண்டும். நான் முதன்முதலில் போனது மாணவனாக. சாம்பல் நிறத்தில் வரிவரியாக நைஸ் என்ற பாறை. அதற்குள் எண்ணெய் சிந்திய துணிபோல, பச்சை கலந்த கருப்பில் திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட். பாறையின் பழைய வரி திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிப்போகிறது. பல இடங்களில் திட்டு ஒரு பழைய வெடிப்பை ஒட்டியே நீளுகிறது. ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்ட காட்சி அது. இந்திய நிலவியலாளர் பிச்சமுத்து 1960இல் இதை உலகுக்கு எழுதிக்காட்டினார். பூமிக்குள் சுமார் இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், கரியமில வாயு நிறைந்த பாய்மம் (திரவம்போலவோ ஆவிபோலவோ ஓடக்கூடிய பொருள்) வெடிப்புகள் வழியே ஏறிவந்து பாறையின் ஈரத்தை விரட்டியது என்பது பின்னால் வந்த விளக்கம். வாயு மட்டும்தானா, செறிந்த உப்புநீரும் சேர்ந்து வேலை செய்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் மலைக்கல்லாக இதே சார்னோக்கைட் பழக்கம்.

பாறையில் ஈரம் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். காக்காப்பொன்னில் இருக்கிறது. சின்ன வயதில் மணலில் பொறுக்கி விளையாடினோமே, அந்தப் பளபள ஏடு. அதன் கறுப்பு வகைக்குப் பயோட்டைட் என்று பெயர். அதன் படிகக் கட்டமைப்பில் ஹைட்ராக்சில் உட்காருவதற்கென்றே சில இடங்கள் உண்டு. ஹைட்ராக்சில் என்பது தண்ணீரின் ஒரு துண்டு: ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். ஃபுளோரைடு அயனியும் கிட்டத்தட்ட அதே பருமன், அதே மின்சுமை. பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் துண்டைப் போட்டு உட்காருவதுபோல, பாய்மத்தில் வந்த ஃபுளோரைடு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்திலும் இதே கதை, அபடைட் என்ற கனிமத்திலும் இதே கதை. உட்கார்ந்த பிறகு லேசில் எழுந்திருக்கவும் மாட்டாது. ஆழத்தில் சூடு ஏறி, ஹைட்ராக்சில் வைத்திருந்த காக்காப்பொன் உடைந்து ஈரத்தை இழக்கும்போதும், ஃபுளோரின் ஏறிய காக்காப்பொன் அதிக வெப்பம் வரை தாக்குப்பிடிக்கும். வறண்டுபோன பாறையில் மிஞ்சி நிற்பது அதுதான்.

நம் வட்டாரத்தில் இதற்குமேல் இன்னொரு அடுக்கும் உண்டு. திருப்பத்தூர் அருகே சேவத்தூரிலும் ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியிலும் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் கார்பனேட் பாறைக்குழம்பு கீழிருந்து ஏறி வந்தது. கார்பனடைட் என்பார்கள். அபடைட் உள்ள பாறை அது. இப்படி வரும் குழம்பு சும்மா வருவதில்லை. சோடியமும் பொட்டாசியமும் நிறைந்த பாய்மத்தைச் சுற்றிலும் கசியவிட்டு, அக்கம்பக்கத்துப் பாறையின் சரக்கையே மாற்றிவிடும். அப்படி மாறிய பாறைக்கு நார்வேயின் ஃபென் என்ற இடத்தின் பெயரால் ஃபெனைட் என்று பெயர்.

இதெல்லாம் கெடுதலுக்கே என்று நினைத்துவிட வேண்டாம். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கம் யார் செய்த உபகாரம்? ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமம் நிறைந்த கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, அதிலிருந்த மக்னீசியத்தை மேக்னசைட் என்ற அந்த வெள்ளைக்கல்லாக மாற்றியது. உலைக்களங்களுக்கு உள்ளே பதிக்கும் தீச்செங்கல் அதிலிருந்து வருகிறது. சரி, நம் போர்வெல்லுக்கு வருவோம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போதே மண்ணிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. பாறை வெடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. கனிமங்களோடு உறவாடி, மெல்ல மெல்லக் காரத்தன்மை ஏறுகிறது. காரம் என்றால் நீரில் ஹைட்ராக்சில் கூடுகிறது என்று பொருள். அப்போது ஆழத்தில் நடந்த இடமாற்றம் தலைகீழாக நடக்கும்: ஹைட்ராக்சில் காக்காப்பொன்னுக்குள் ஏறும், ஃபுளோரைடு இறங்கித் தண்ணீருக்கு வரும். இதற்கு இருபது கிலோமீட்டர் ஆழமும் வேண்டாம், 700 டிகிரியும் வேண்டாம்.

ஃபுளோரைடைக் கட்டிப்போடக்கூடிய ஒரு ஆள் நீரில் உண்டு, கால்சியம். கால்சியம் நிறைய இருந்தால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும், ஃபுளோரைடு ஓர் அளவுக்குமேல் ஏறாது. ஆனால் நம் மேட்டுநிலங்களில் கால்சியம் சுக்கான்கல்லாக மண்ணிலேயே படிந்துபோகிறது. மிச்சமிருப்பதைக் களிமண் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கால்சியம் குறைந்த நீர் மென்னீர். மென்னீரில் சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும். அந்த மருமகள் சொன்னதைக் கேட்டு நான் ஏன் பயந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். மென்னீர் எல்லாம் விஷம் என்று சொல்லவில்லை. மழைநீரும் மென்னீர்தான், அதில் ஒரு கெடுதலும் இல்லை. கருங்கல் பாறைக்குள் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் மென்மையாக இருந்தால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

அடுத்த இடமாற்றம் வாய்க்குள் நடக்கிறது. பாறையில் சொன்ன அபடைட்டின் உறவுக் கனிமம்தான் நம் பல்லும் எலும்பும். அதிலும் அதே ஹைட்ராக்சில் இருக்கை, அதே ஃபுளோரைடு. கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு உறுதி. அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். மிஞ்சினால், ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயதுவரை, பல்லின் மேற்பூச்சு சரியாக அமையாமல் சுண்ணாம்புத் திட்டும் காவிக்கறையும் விழும். பெரியவரின் பேரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவர்கள் பழைய கிணறும் அதே பாறையில்தான். எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. "ஒழுங்கா பல் விளக்குறதில்ல சார்" என்று பையனைத் திட்டினார்கள். இந்த ஒரு திட்டு நின்றால்கூட நான் எழுதியதற்குப் பலன். பல வருடம் அதிக அளவில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் தங்கி, குனிய நிமிர முடியாமல் செய்துவிடும்.

இந்தியத் தரப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக்காட்டி "தண்ணி சூப்பர்" என்பார்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறியும். மண்பானையோ கேண்டில் ஃபில்டரோ இதற்கு உதவாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை நீக்கும், ஆனால் கழிவாக வரும் நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும், அதை மாட்டுத் தொட்டிக்கு விடாதீர்கள். ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் செயலூட்டிய அலுமினா ஃபில்டர் உண்டு. நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைப்பார்கள். அளவு தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது அது.

என்னைக் கேட்டால் முதலில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய். தருமபுரி, கிருஷ்ணகிரி ஃபுளோரைடுக்காகவே போட்ட திட்டம் அது. குழாயில் வருவதைக் குடிக்கவும் சமைக்கவும், போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு. குழாய் எட்டாத வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி. ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர். 500 சதுர அடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 37,000 லிட்டர். பாதி வீணானாலும் போதும்.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இன்னும் இருநூறு அடி இறக்கிப் பார்க்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஆழம் போகப்போக நீர் பாறையோடு கிடந்த காலமும் பொதுவாகக் கூடும். மறுபடி பணத்தைச் செலவழித்து அதே பாறையிலிருந்து இன்னும் பழைய தண்ணீரை எடுப்பதில் என்ன லாபம்?

புதிதாகப் போர் போட்டவர்கள், மோட்டாரைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்றுமுறை அலசி, நிரப்பி மூடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியையும் விட்டுவைக்காது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஃபுளோரைடு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாட்டில்மேல் ஊர், தேதி, போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். ஆழத்தை எழுதாமல் கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம், நான் முதலில் தேடுவதோ அதைத்தான்.